ஆடிக் காற்றும் ஐந்தாண்டுப் படிப்பும்

“டாக்டருக்குப் படிக்கிறானாம், ஆனால் ஊசி போடத் தெரியாதாம்!”

இப்படி ஒரு கேலி நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலே உலவுகிறது. கேலி பேசுபவரைக் கோபித்துப் பயனில்லை. ஆலைத் தொழிலாளியின் மகன், கட்டடம் கட்டும் கொத்தனாரின் மகள், பேருந்து நடத்துநரின் பிள்ளை, எப்படியோ முட்டி மோதிப் பொறியியல் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் ஒரு பட்டம் வாங்கி, “இனி வேலைதான்” என்று வீடே காத்துக் கிடக்கும் நேரத்திலே, “எரிசக்தித் துறையிலே ஆராய்ச்சி செய்யப் போகிறேன், ஐந்து ஆண்டு ஆகும்” என்று சொன்னால், கூடத்திலே கூச்சல் எழுவதில்லை. கூச்சலைவிடக் கொடிய அமைதி எழுகிறது. தாய் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். தந்தை? அவர் நம் தோழர். மேடைக்கு மேடை “படி! படி!” என்ற முழக்கத்தைக் கேட்டுக் கைதட்டியவர். கைதட்டிய கையாலேயே நெற்றியைப் பிடித்துக்கொண்டு நம்மைக் கேட்கிறார்: “படிக்க வை என்றீர்கள், படிக்க வைத்தேன். எதுவரைக்கும் படிப்பது? அதற்கு ஓர் எல்லை இல்லையா?”

கேள்வி நியாயமானது. கந்துவட்டிக்காரன் பொறுமைக்கு எல்லை உண்டு. உழைக்கும் உடம்புக்கு எல்லை உண்டு. திருமணத்துக்குக் காத்திருக்கும் மூத்த மகளின் வயதுக்கு எல்லை உண்டு. மாளிகைவாசியின் மகன் நாற்பது வயதுவரை படித்துக்கொண்டிருந்தாலும் அவன் வீட்டு உலை கொதிக்கும். பாட்டாளி வீட்டுக் கணக்கு வேறு. ஆகவேதான் அந்தத் தந்தைக்கு மேடைத் தமிழால் மட்டும் விடை கூறிவிட்டு நகர்ந்துவிட நாம் விரும்பவில்லை. கணக்கோடு பேசுவோம், காரணத்தோடு பேசுவோம்.

முதலில், ஊசி போடத் தெரியாத இந்த டாக்டர் யார்? பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்பதென்றால், பிறர் கண்டறிந்ததை நாம் தெரிந்துகொள்வது. முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்றால், இதுவரை எவரும் கண்டறியாத ஒன்றை, அளவிலே சிறியதாயினும் சரி, கண்டறிந்து, அதை ஆய்வேடாக எழுதி, வல்லுநர்கள் முன் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லி வெல்வது. கடைசல் பட்டறையிலே வேலை செய்யும் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து இரும்பைக் கடைபவர் ஒருவர். அந்தப் படத்தையே வரைபவர் இன்னொருவர். கடைபவர் கூலி வாங்குகிறார். வரைபவர் காப்புரிமை வாங்குகிறார். கடைபவரின் கைத்திறன் எள்ளளவும் தாழ்ந்ததல்ல. ஆனால் எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எவன் பெயரிலே விற்பது என்று முடிவு கட்டுபவர் அவரல்லர். படம் வரையும் மேசைக்குப் போகிற பாதைதான் இந்த ஐந்தாண்டுப் படிப்பு.

அந்த மேசையிலே எரிசக்தி ஆராய்ச்சியாளர் எதைத்தான் வரைகிறார் என்று கேட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாயிலே நின்று ஆடி மாதத்துக் காற்றை ஒருமுறை முகத்திலே வாங்கிப் பார்க்கச் சொல்லுவோம். ஆடிக் காற்றிலே அம்மியும் பறக்கும் என்றனர் நம் முன்னோர். அம்மி பறப்பதைப் பார்த்தார்கள். அந்தக் காற்றிலே எத்தனை யூனிட் மின்சாரம் ஒளிந்திருக்கிறது என்று கணக்கிடச் சொல்லித்தர ஆளில்லை. வாயு பகவான் என்று பெயர் சூட்டி, வாயைப் பொத்திக் கன்னத்திலே போட்டுக்கொள்ளச் சொல்லித்தர மட்டும் ஆளிருந்தது!

கணக்கு இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. அந்த ஆற்றலிலும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எப்பேர்ப்பட்ட காற்றாடியாலும் கறந்துவிட முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1920-ல் எழுதிக் காட்டினார். எனவேதான் கணவாய் தேடிப் போகிறார்கள், கோபுரத்தை உயர்த்துகிறார்கள், இறக்கையை நீட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலே 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய காற்றாலைகள் முப்பந்தல், கயத்தாறு, கம்பம், பல்லடம், உடுமலை எனப் பரவி, இன்று 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறனுடன் நிற்கின்றன.

ஆனால் இங்கேதான் சிக்கல். தென்மேற்குப் பருவக் காற்று வைகாசி பிறந்ததும் வருகிறது. புரட்டாசி வரை வெறிகொண்டு வீசுகிறது. பிறகு மாதக்கணக்கிலே முகங்கொடுப்பதில்லை. வீசும் காலத்திலும் நம் தறி ஓடும் நேரம் பார்த்தா வீசுகிறது? ஊர் உறங்கும் நள்ளிரவிலே வீசுகிறது. அந்த நேரத்திலே அத்தனை மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளின்றிப் போவதும், கம்பித்தடம் தாங்காமற் போவதும், ஓடுகிற காற்றாடியை நிறுத்தச் சொல்வதும் இந்தத் துறையிலே பழகிப்போன செய்திகள். மறந்திருக்க மாட்டீர்கள், 2012-ம் ஆண்டை! கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரமின்றி விசைத்தறி நின்றது, பட்டறை நின்றது, நாள்கூலி நின்றது. பொங்கி வரும்போது கொள்ள இடமில்லை. காய்ந்து கிடக்கும்போது கொடுக்கப் பொருளில்லை!

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது உழவன் வாக்கு. தூற்றிய நெல்லைக் கொட்டி வைக்க அவனுக்குக் குதிர் இருந்தது, பத்தாயம் இருந்தது. மின்சாரத்துக்கு அப்படி ஒரு பத்தாயம் கட்டுவது எப்படி? இன்று உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களிலே ஆயிரமாயிரம் மாணவர்கள் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இந்த ஒரே கேள்விதான். ஒரு விடை நம் மலையிலேயே இருக்கிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையிலே, மின்சாரம் மிஞ்சும்போது கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தட்டுப்படும்போது அதே நீரை இறக்கிச் சுழலியை ஓட்டுகிறார்கள். 400 மெகாவாட் நிலையம். 1980-களின் இறுதியிலே ஓடத் தொடங்கியது. ஆனால் எல்லா ஊரிலும் மலை இல்லை. மின்கலத்திலே தேக்கலாமா, லித்தியம் இல்லாவிட்டால் உப்பிலிருந்து கிடைக்கும் சோடியத்திலே தேக்கலாமா, தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாக்கித் தேக்கலாமா? ஒவ்வொரு ‘லாமா’வுக்கும் ஒரு மாணவரின் ஐந்தாண்டு வேண்டியிருக்கிறது, தோழர்களே!

ஹைட்ரஜன் என்றதும் ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். டென்மார்க் நாட்டிலே ஆஸ்கோவ் என்ற சிற்றூர். அங்கே உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென நடந்த ஒரு மக்கள் பள்ளி. அதன் ஆசிரியர் பால் லா கூர், 1891-ல் அரசின் பண உதவியோடு ஒரு காற்றாலை கட்டினார். காற்றிலே மின்சாரம் எடுத்தார். அந்த மின்சாரத்தால் நீரைப் பிளந்தார். பிரிந்த ஹைட்ரஜனைத் தொட்டியிலே தேக்கிப் பள்ளிக்கூடத்திலே ஆண்டுக்கணக்காக விளக்கெரித்தார். அதோடு நின்றாரா? 1904 முதல் சிற்றூர் இளைஞர்களைச் சேர்த்து மின்சாரத் தொழில் கற்பித்தார். அப்படிக் கற்கவந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன். பெயர் யொகானஸ் யூல். அந்தப் பையன் எழுபது வயதுக் கிழவரான 1957-ல், கெட்சர் என்ற கடலோர ஊரிலே மூன்று இறக்கையோடு 200 கிலோவாட் காற்றாலையை நிறுத்தினார். இன்று கயத்தாற்றிலே சுழலும் மூன்றிறக்கைக் காற்றாடியின் பாட்டன் அதுதான்.

கயத்தாறு! 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலே தொங்கவிட்ட மண். அந்த மண்ணிலே முன்னோடிக் காற்றாலைகளை நிறுத்த, 1980-களின் இறுதியிலே டென்மார்க் அரசு உதவிக்கரம் நீட்டியது. நீட்டிய கைக்கு நன்றி சொல்வோம். தமிழருக்கு நன்றி மறக்கும் வழக்கமில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். டென்மார்க்கின் மக்கள்தொகை நம் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகை அளவுகூட இல்லை. அவர்களுக்கிருந்த காற்று நமக்கும் இருந்தது. நமக்கில்லாதிருந்தது, உழவன் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காற்றைக் கணக்கிடச் சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளிக்கூடம்.

நம் பள்ளிக்கூடத்திலே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1954-ம் ஆண்டு ஏப்ரல் 25. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலே, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்த சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். அதன்மேல் விழுந்த ஒளியிலே நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. அந்த மின்சாரத்திலே ஒரு பொம்மை ராட்டினம் சுழன்றது. அதே ஏப்ரல் மாதத்திலே இங்கே என்ன பேச்சு? துணி வெளுப்பவன் மகன் அரைநாள் படித்தால் போதாதா, மீதி நேரம் அப்பனோடு ஆற்றங்கரைக்குப் போகக்கூடாதா என்பது பேச்சு! 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, குலக்கல்வித் திட்டம் என்று இந்த இயக்கம் சரியாகப் பெயர் சூட்டி, ஊர் ஊராக எதிர்த்து நின்ற காலம் அது. 1954 ஏப்ரலிலே ஆட்சி கைமாறியது, காமராசர் வந்தார், மே மாதத்திலே திட்டம் குப்பைக்குப் போயிற்று. அங்கே சூரிய வெளிச்சத்திலே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தபோது, இங்கே நாம் பிள்ளையின் பிற்பகலை மீட்கச் சாலையிலே அணிவகுத்துக்கொண்டிருந்தோம்.

மீட்டோம். அதில் ஐயமில்லை. பிறகு தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2006-ல் சட்டத்தால் ஒழிந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளிலே 7.5 விழுக்காடு இடம் வந்தது. ஒன்றிய அரசே எடுத்த கணக்கின்படி, 2021-22-ல் இந்தியா முழுவதிலும் உயர்கல்விக்குப் போகும் வயதினரில் நூற்றுக்கு 28 பேர் கல்லூரியிலே இருந்தபோது, தமிழ்நாட்டிலே 47 பேர் இருந்தார்கள். இத்தனையும் வந்தபிறகு, பட்டத்தோடு பையன் நிற்கிறான். “போதும், வேலைக்குப் போ” என்கிறது வறுமை. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. எந்த ஆச்சாரியாரும் ஆணையிடவில்லை. வீட்டுக் கடன் சொல்கிறது. அரைநாள் பள்ளி போயிற்று. அரைவழிப் படிப்பு போகவில்லை.

முழுவழி போனவன் என்ன ஆனான் என்பதற்கு ஒரு கதை சொல்லுகிறோம். சீனத்திலே யாங்சி ஆற்றின் நடுவேயுள்ள ஒரு தீவூர். 1963-ல் ஏழை உழவர் வீட்டிலே இரட்டைப் பிள்ளை. வளர்க்க வழியின்றி ஒரு பிள்ளையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கப்பட்ட பிள்ளையின் பெயர் ஷி செங்ராங். பதினாறு வயதிலே பல்கலைக்கழகம் புகுந்து, பின்னர் ஆஸ்திரேலியா போய், சிட்னி நகரின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே, சூரிய மின்கல ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பேராசிரியர் மார்ட்டின் கிரீன் அவர்களின் அறைக்கதவைத் தட்டினார். எதற்கு? வேலை ஏதும் உண்டா என்று கேட்க! கிரீன் அவரை ஆராய்ச்சி மாணவராக்கிக்கொண்டார். 1992-ல் முனைவர் பட்டம். 2001-ல் தாய்நாடு திரும்பி, ஊசி என்ற நகரிலே, நகராட்சியார் கொடுத்த முதலோடு சூரியத் தகடு செய்யும் ஆலை தொடங்கினார். 2005-ல் அந்த நிறுவனத்தின் பங்கு நியூயார்க் சந்தையிலே விலைபோயிற்று.

அந்த மனிதர் கோடீசுவரரானார் என்பதற்காக நாம் அவருக்கு ஆரத்தி எடுக்கவில்லை. 2013-ல் கடன் கட்ட இயலாமல் அவர் ஆலை நொடித்தும் போயிற்று; தனிமனிதனின் செல்வம் அப்படித்தான் வரும், போகும். நாம் சுட்டுவது வேறு. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவரும் அவரைப் போன்ற பலரும் கொண்டுவந்த அறிவு போகவில்லை. அது பயிற்சி பெற்ற தொழிலாளர் கையிலே தங்கிற்று, பிற ஆலைகளுக்குப் பரவிற்று. இன்று உலகத்திலே சூரியத் தகடு செய்யும் தொழிலின் ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சீனத்தின் கையிலே இருக்கிறது. தகட்டின் விலை பத்தாண்டிலே பத்திலொரு பங்காகச் சரிந்தது. நம் தோழர் வீட்டு மாடியிலே தகடு பொருத்த முடிகிறதென்றால், அந்தத் தீவூர்ப் பையனைப் போன்றவர்கள் எழுதிய ஆய்வேடுகளுக்கும் அதிலே பங்குண்டு.

நம் நாட்டிலே தகட்டுத் தொழிற்சாலை இல்லையா? இருக்கிறது. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலே அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெரிய ஆலை 2024 சனவரியிலே திறக்கப்பட்டது. நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானிலும் ஓர் ஆலை எழுந்திருக்கிறது. நம் பெண்களும் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள். வரவேற்கிறோம், மேலும் பத்து வரட்டும். ஆனால் பிள்ளைப்பாக்கத்துத் தகட்டின் சூட்சுமம் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடங்களிலே பிறந்தது. சிலிக்கன் தகடுகளின் அடிப்படையான மெல்லிய சில்லுக்கோ இந்தியா இன்னும் பெருமளவு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. வெயில் நம்முடையது, வியர்வை நம்முடையது, வித்தை அவர்களுடையது!

அந்த வெயிலைப் பற்றியே ஒரு செய்தி. சுவரிலே உதயசூரியனை எழுதிக் கைபழகிய தோழர்களுக்குச் சூரியனைப் பற்றிச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. சூரியத் தகட்டுக்கு ஒளி பிடிக்கும், வெப்பம் பிடிக்காது. ஆலையிலே தகட்டின் திறனை 25 பாகை வெப்பத்திலே அளந்து முத்திரை குத்துகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு திறன் குறைகிறது. இராமநாதபுரம் மாவட்டக் கமுதியிலே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரிலே அமைந்தது. சித்திரை நண்பகலிலே அங்கே தகட்டின் சூடு 60 பாகையைத் தொட்டால், நூறு யூனிட் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போல் காற்றோடு போய்விடுகிறது. இதற்கு மேலே புழுதி படிந்து தின்பது தனி. குளிர்நாட்டு ஆராய்ச்சியாளனுக்கு இது தலைபோகிற கேள்வியல்ல; கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் இது தலைபோகிற கேள்வி. நம் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். கருவேலங்காட்டு வெயிலிலே காலிலே செருப்பின்றி நடந்து பள்ளிக்குப் போன பிள்ளைக்குத் தெரிந்த சூடு, புத்தகத்திலே மட்டும் சூட்டைப் படித்தவனுக்கு எங்கிருந்து தெரியும்?

சரி, தந்தை கேட்ட கணக்குக்கு வருவோம். ஆராய்ச்சி என்றால் ஐந்தாண்டும் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. கேட் தேர்வோ தேசியத் தகுதித் தேர்வோ தேறி, ஐ.ஐ.டி. போன்ற ஒன்றிய அரசு நிறுவனத்திலோ உதவித்தொகையுள்ள பிற பல்கலைக்கழகத்திலோ முழுநேர ஆராய்ச்சியாளராகச் சேருபவருக்கு, 2023-ல் உயர்த்தப்பட்ட அளவின்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000 ரூபாய் கிடைக்கிறது. பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் கம்பெனி கம்பெனியாக அலையும் பொறியியல் பட்டதாரிகளை நாள்தோறும் பார்க்கிறோமே, அவர்கள் வீட்டிலே இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறதா? மேல்தட்டு வீடுகளிலே மாமன் சொல்லுவான், அத்தான் சொல்லுவான். அவர்கள் ஏற்கெனவே அந்தக் கட்டடத்துக்குள்ளே இருக்கிறார்கள். நம் வீட்டிலே யார் சொல்லுவது?

சொல்லாததன் விளைவைப் பாருங்கள். 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.க்கள் அனைத்திலும் முனைவர் ஆராய்ச்சிக்குச் சேர்க்கப்பட்டவர்களிலே, நாடாளுமன்றத்திலே வைக்கப்பட்ட கணக்கின்படி, பட்டியல் வகுப்பார் நூற்றுக்கு 9 பேர். சட்டப்படி இருக்க வேண்டியவர் 15 பேர். பழங்குடியினர் நூற்றுக்கு 2 பேர். இருக்க வேண்டியவர் ஏழரை. பிற்படுத்தப்பட்டோருக்கும் 27 முழுதாக நிரம்பவில்லை. 1951-ல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வைத்துப் பெற்ற உரிமை, கல்லூரி வாசல்வரை வந்து, ஆராய்ச்சிக்கூட வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது! “தகுதியானவர் கிடைக்கவில்லை” என்பார்கள். பழைய பாட்டு, இராகம்கூட மாறவில்லை. தகுதி கிடைக்கவில்லையா, தகவல் கிடைக்கவில்லையா, நேர்முகத் தேர்விலே உட்கார்ந்திருந்த நால்வருக்கு மனம் கிடைக்கவில்லையா?

உள்ளே போய்விட்டால் எல்லாம் பூஞ்சோலை என்றும் நாம் பசப்பவில்லை. உதவித்தொகை மாதாமாதம் வராது; சில நேரம் பல மாதம் சேர்ந்து வரும், சில நேரம் கேட்டுக் கேட்டு வரும். 2016 சனவரியிலே அய்தராபாத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா உயிரை விட்டபோது, அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருந்தது. நாடு குலுங்கியது. சிறுபான்மை மாணவருக்கென இருந்த மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை 2022-ல் டில்லி நிறுத்தியது. ஆராய்ச்சிக்கென்று இந்தியா செலவிடுவது நாட்டு வருமானத்திலே நூற்றுக்கு முக்கால் ரூபாய்கூட இல்லை. தென்கொரியா ஐந்து ரூபாயை நெருங்குகிறது. டில்லிக்கு ராக்கெட் படம் எடுத்துச் சுவரிலே மாட்டத் தெரிகிறது. ராக்கெட் செய்பவன் விடுதிக் கட்டணம் கட்டினானா என்று கேட்கத் தெரியவில்லை.

வழிகாட்டும் பேராசிரியர்களிலே தாய்போலத் தாங்குபவரும் உண்டு. மாணவனைக் கடைக்கு அனுப்பிக் காய்கறி வாங்கிவரச் சொல்பவரும் உண்டு. பட்டம் முடிய முப்பது வயதாகிவிடும். முடித்ததும் வேலை மாலையோடு வாசலிலே நிற்காது. இவற்றை மறைத்துவிட்டு ஆசைகாட்டுவது பாட்டாளிக்குச் செய்யும் துரோகம். எல்லாப் பிள்ளையும் இதற்கு வரவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் இரண்டெழுத்து சேர்ந்தால் போதும் என்று, பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித்தரும் கடைகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பார்க்கட்டும். வீட்டு மின்விசிறி நின்றால் அதைக் கழற்றிப் பார்க்காமல் தூங்காத பிள்ளை, ‘ஏன்’ என்று கேட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பிள்ளை, அந்தப் பிள்ளையைத்தான் கேட்கிறோம். அந்தப் பிள்ளை நம் தெருவிலே இருக்கிறது. கூடவே, மூத்த மகளின் திருமணத்துக்காக அந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, அந்த மூத்த மகளையே ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்கலாமே என்று எண்ணிப் பார்க்காத வீடு என்பதையும் தோழர்கள் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இனிச் செய்யவேண்டிய வேலை. கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியிலே நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கிலே தொடங்கிவிடும். தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. பெரிய நிறுவனங்களிலே ஆராய்ச்சிச் சேர்க்கையும் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை. பொதுவாக எம்.இ., எம்.டெக். முடித்தவர் சேரலாம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, நான்காண்டுப் பட்டத்திலே 75 விழுக்காடு பெற்றவரும் விண்ணப்பிக்கலாம், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அதிலே 5 விழுக்காடு தளர்வு உண்டு. படிப்பின் காலம் குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. காற்றாலை ஆராய்ச்சிக்கென்றே ஒன்றிய அரசின் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையிலே இருக்கிறது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றிலே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலே எரிசக்திக்கென்று தனி ஆய்வு மையமே இருக்கிறது. கிளைக் கழகத் தோழர்கள் இந்த அறிவிப்புகளைத் தமிழிலே எழுதிப் படிப்பகச் சுவரிலே, நாளிதழ் மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். ஏற்கெனவே ஆராய்ச்சியிலே இருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, ஒரு மாலை படிப்பகத்திலே உட்காரவைத்து, விண்ணப்பம் நிரப்புவது எப்படி, நேர்முகத் தேர்விலே என்ன கேட்பார்கள் என்று இளையவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நிற்கும் மாணவர் எவரேனும் உங்கள் வட்டத்திலே இருந்தால், எந்த நிறுவனம், எந்த உதவித்தொகை, எத்தனை மாதம் பாக்கி என்ற விவரத்தை எழுதி வாங்கி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கையிலே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.